குழியைக் காட்டினால் காசு

கேள்வி: ரோபோக்கள் தாமே சம்பாதித்துத் தாமே செலவு செய்ய கிரிப்டோ வேண்டும் என்கிறார்களே, வங்கிக் கணக்கு போதாதா?

பதில்: வங்கியில் கணக்கு திறக்க ஆதார், பான் என்று கேட்பார்கள். ரோபோ எதை நீட்டும்? கிரிப்டோவில் அந்தத் தொல்லை இல்லை. ரகசியச் சாவி என்கிற நீண்ட எண் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். வைத்திருப்பது மனிதனா, மின்கம்பமா என்று யாரும் பார்ப்பதில்லை.

2019-இல் ஜாகுவார் லேண்ட் ரோவர், அயர்லாந்தின் ஷானனில் இதைச் சோதித்தது. ஓடும்போதே சாலைக் குழி, நெரிசல் போன்றவற்றை கார் கவனித்துத் தகவல் தரும். பதிலுக்கு அதன் டிஜிட்டல் பணப்பையில் ஐயோட்டா என்ற கிரிப்டோ நாணயம் விழும். சுங்கம், பார்க்கிங், சார்ஜிங் செலவை அதிலிருந்து காரே கட்டிக்கொள்ளும் என்பது திட்டம். (நம் ஊர்ச் சாலையில் விட்டால் ஒரே மழைக்காலத்தில் லட்சாதிபதி!) பிட்காயினில் பரிமாற்றங்களைத் தொகுத்துப் பதியும் பிளாக் ஒன்றுக்குச் சுமார் 10 நிமிடம், கட்டணம் வேறு, சில்லறைக்கு ஒத்துவராது. ஐயோட்டாவில் அப்போது கட்டணமே கிடையாது. அனுப்புகிறவர் முந்தைய இரண்டு பரிமாற்றங்களைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, காசு தப்பாகப் போனால்? போன வருடம் என் கார் வீட்டு வாசலில் நிற்க, எங்கோ ஒரு டோலில் 85 ரூபாய் கழிந்ததாக எஸ்.எம்.எஸ். வந்தது. நாலு முறை போன் போட்டுக் கத்தினேன், பதினோராம் நாள் பணம் திரும்பியது. கத்துவதற்கு ஓர் ஆள் இருந்தார். கிரிப்டோவில் யாரிடம் கத்துவது?

2020 பிப்ரவரியில் ஐயோட்டாவின் டிரினிட்டி என்ற பணப்பைச் செயலியில் திருட்டு நடந்தபோது, 'கோஆர்டினேட்டர்' என்ற ஒரே கணினி அமைப்பை நிறுத்தி, மொத்த வலைப்பின்னலின் பணப் போக்குவரத்தையும் சில வாரம் முடக்கினார்கள். திருடனைத் தடுக்க அது உதவியது. ஆனால் ஒரே சுவிட்சில் அணைகிற ஒன்றுக்கு, யார் ஒருவர் கையிலும் இல்லாத 'பரவலாக்கப்பட்ட' அமைப்பு என்று எப்படிப் பெயர் வைப்பது? பிற்பாடு அந்த ஏற்பாட்டை மாற்றிவிட்டார்கள். கத்துவதற்கு ஆள் வேண்டுமா, வேண்டாமா என்ற தகராறு மட்டும் அப்படியே இருக்கிறது. என்னைக் கேட்டால், வேண்டும்.

கேள்வி: அப்படிச் சம்பாதிக்கும் ரோபோ வரி கட்டுமா?

பதில்: சட்டத்தின் கண்ணில் ரோபோ ஒரு பொருள்தான், கிரைண்டர் மாதிரி. 2017-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் 'மின்னணு நபர்' என்ற அந்தஸ்தைப் பற்றி யோசிக்கச் சொன்னது, சட்டமாகவில்லை. இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி. ரோபோவுக்கு பான் கார்டு கிடையாதே, கட்டப்போவது நீங்கள்தான்.