ஸ்வீடன் சோஷியல் டெமாக்ரட் கட்சி: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சார், இந்தக் கட்சியைத் தொடங்கியது யார்?

பதில்: கட்சி பிறந்தது 1889 ஏப்ரலில், ஸ்டாக்ஹோமில். ஆனால் விதை போட்டவர் ஆகஸ்ட் பாம் என்ற தையல்காரர். வேலை தேடிப் போன ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் சோஷலிசம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஊர் திரும்பி, 1881 நவம்பரில் மால்மோவில், 'சோஷலிஸ்டுகளுக்கு என்ன வேண்டும்?' என்ற தலைப்பில் பேசினார். வளர்த்து ஆளாக்கியவர் வானியல் படித்த யால்மர் பிராண்டிங். 1896இல் கட்சியின் முதல் எம்.பி. ஆனவர் அவர்தான், அதுவும் லிபரல்களின் பட்டியலில் நின்று. அடுத்தவர் தோளில் ஏறிப் போக இவர்களுக்கு அப்போதே கூச்சமில்லை.

கேள்வி: 44 வருடம் தொடர்ந்து ஆண்டார்களாமே? எப்படி முடிந்தது?

பதில்: 1932 முதல் 1976 வரை. நடுவில் 1936 கோடையில் மட்டும் சில மாதம் நாற்காலி கைமாறியது. ரகசியம் 1933இல் இருக்கிறது. ஊரெங்கும் வேலையில்லை, இவர்களுக்குப் பெரும்பான்மையும் இல்லை. விவசாயிகள் கட்சியோ வெண்ணெய் விலை விழுந்து தவித்துக்கொண்டிருந்தது. பிரதமர் பெர் ஆல்பின் ஹான்சன் அவர்களோடு பேரம் பேசினார்: வெண்ணெய்க்கு விலை ஆதரவு, போட்டிக்கு நின்ற மார்கரின் என்ற மலிவான செயற்கை வெண்ணெய்க்கு வரி; பதிலுக்கு, வேலையற்றோருக்குச் சந்தைக் கூலியில் அரசுப் பணிகள். தொழிலாளி வீட்டில் ரொட்டிக்குத் தடவியது மார்கரின்தான், அதை மறந்துவிடாதீர்கள். சொந்த ஓட்டுக்காரர்களின் தட்டில் கை வைத்துத்தான் வேலைத் திட்டத்தை வாங்கினார்கள். ஸ்வீடன்காரர்கள் இதை 'மாட்டு வியாபாரம்' என்றே அழைக்கிறார்கள். துண்டு மறைவில் விரல் பிடித்து விலை பேசியது போலத்தான்.

கேள்வி: ஒரே ஓட்டில் பென்ஷன் சட்டம் வந்ததாமே, கதையா?

பதில்: கதையில்லை, 1959. கீழவையில் மொத்தம் 231 பேர். இவர்களும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து 116, எதிரணி 115. சபாநாயகர் இவர்கள் ஆள், அவருக்கு ஓட்டில்லை. ஆக 115க்கு 115! அப்போது எதிரணியில் இருந்த தூரே கோனிக்சன் என்ற லிபரல் எம்.பி. ஓட்டுப் போடாமல் விலகிக்கொண்டார். சட்டம் 115க்கு 114 என்று நிறைவேறியது.

கேள்வி: நாடே எல்லோருக்கும் ஒரே வீடு என்ற பொருளில் 'மக்கள் இல்லம்' என்றார்களே, அதில் கறையே இல்லையா அண்ணா?

பதில்: உண்டு. குழந்தை பெற முடியாமல் செய்யும் கருத்தடை அறுவைக்காக 1934இல் வந்த சட்டம் 1975 வரை நீடித்தது. சுமார் 63,000 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. எல்லாமே வற்புறுத்தல் அல்ல, ஆனாலும் நிர்ப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் ஏராளம். அதிலும் பெண்களே அதிகம். மற்றக் கட்சிகளும் ஆதரித்தவைதான் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஆண்டவர்கள் இவர்கள், பொறுப்பும் இவர்களுடையதே. நஷ்டஈட்டுச் சட்டம் 1999இல்தான் வந்தது.

கேள்வி: கட்சியின் பிரதமர்களில் உங்களுக்குப் பிடித்தவர் எர்லாண்டரா, பால்மேயா?

பதில்: எனக்கு எர்லாண்டர். 23 வருடம் பிரதமர், 1968 தேர்தலில் 50.1 சதவீதம். பதவி விலகியபோது குடியிருக்கச் சொந்த வீடில்லை. கட்சிதான் பொம்மர்ஸ்விக் என்ற இடத்தில் ஒன்று கட்டிக் கொடுத்தது. பால்மே உலகம் முழுக்கப் பேசப்பட்டவர். 1986 பிப்ரவரி 28 இரவு, சினிமா பார்த்துவிட்டு மனைவியோடு காவலர் இல்லாமல் நடந்து வரும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்.

கேள்வி: இப்போது நிலைமை?

பதில்: 2021 நவம்பரில் மக்தலேனா ஆண்டர்சன் முதல் பெண் பிரதமராகத் தேர்வானார். ஆதரவு 117, எதிர்ப்பு 174. தோல்வி மாதிரி தெரிகிறதா? அங்கே மொத்த எம்.பி.க்களில் பாதிக்கு மேல், அதாவது 175 பேர் எதிர்த்தால்தான் தோல்வி. கூட்டணியில் இருந்த பசுமைக் கட்சி கைவிட்டதால் அன்றே ராஜினாமா, அடுத்த வாரமே மறுபடி பிரதமர். 2022 தேர்தலில் கட்சியின் ஓட்டு 30.3 சதவீதமாகக் கூடியது, ஆனால் ஆட்சி போனது. எதிரணிக்கு 176 இடம், இவர்கள் பக்கம் 173.