ஸ்கூட்டி வேறு, ஃபீஸ் பணம் வேறு

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். நாளைக்குப் பரீட்சை என்றாலும், எதிர்வீட்டு ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று குரல் கேட்டால் ஓடிவிடுவான். போன மாதம் அரியர் ஃபீஸுக்குக் கொடுத்த பணத்தில் பாதியை நண்பர்களோடு கொடைக்கானல் போய்ச் செலவழித்துவிட்டான். கேட்டால், செல்போனில் எழுதிய ஏதோ டெஸ்ட்டைக் காட்டி, "நான் இ.எஸ்.டி.பி. டைப்பும்மா, மாத்த முடியாது" என்கிறான். இது குணமா, குறையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர்

பதில்: சகோதரி, ஸ்கூட்டியையும் ஃபீஸ் பணத்தையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டீர்கள். இரண்டும் வேறு வேறு.

முதலில் அந்த டெஸ்ட். சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-ல் எழுதிய ஆளுமை வகைகளை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கிய முறை அது. நாலு பேரோடு இருந்தால் தெம்பு, கண்ணால் பார்த்ததில்தான் நம்பிக்கை, முடிவெடுப்பதில் கணக்கு, திட்டம் போட்டு நடப்பதில் சலிப்பு. இதுதான் அந்த நாலெழுத்துக்கு அர்த்தம். உங்கள் பிள்ளைக்குப் பொருந்துகிறது. ஆனால் சில வாரம் கழித்து அதே ஆள் மறுபடி எழுதினால் வேறு எழுத்து வருவது சகஜம். ஆகவே, 'மாத்த முடியாது' என்று சொல்ல அந்த டெஸ்ட்டைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

என் தம்பி இதே ரகம். 1994 தீபாவளிக்கு அதிரசம் சுடும்போது வாணலியில் தீப்பிடித்துக்கொண்டது. நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். 17 வயதுப் பையன், என் கையைத் தட்டிவிட்டு, அடுப்பை அணைத்து, இட்லிக் கொப்பரை மூடியை எடுத்து வாணலி மேல் கவிழ்த்துவிட்டான். எரியும் எண்ணெயில் தண்ணீர் விட்டிருந்தால் தீ குபீரென்று எழும்பி என் முகத்தில் அடித்திருக்கும். பத்தாம் வகுப்பு அறிவியலில் ஃபெயிலானவன் அவன். "எப்படிடா தோணிச்சு?" என்றால், "தெரியலக்கா, கை தானா போச்சு" என்றான்.

அதே தம்பிதான், அம்மா சீட்டுக் கட்ட வைத்திருந்த பணத்தில் டேப்ரெக்கார்டர் வாங்கி வந்து அவரை அழவைத்தான்.

உளவியலாளர் ஸ்காட் டிக்மன் 1990-ல் இதைத்தான் பிரித்துக் காட்டினார். சட்டென்று செயல்பட்டு நன்மை விளைவிக்கும் வேகம் ஒன்று. யோசிக்காமல் கெடுத்துக்கொள்ளும் வேகம் இன்னொன்று. ஒன்று இருப்பவரிடம் மற்றது இருந்தே தீரும் என்றில்லை. எனக்கு இதைப் படித்தபோது பெரிய ஆறுதல். கொடைக்கானலைக் கண்டிப்பதால் அவனுடைய கை வேகம் போய்விடாது. பயப்படாமல் கண்டியுங்கள்.

எப்படி? அறிவுரை இந்தப் பிள்ளைகளின் காதில் தங்காது. என் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. டேப்பை அவன் கையாலேயே விற்கச் சொன்னார். நஷ்டமான ரூபாய்க்கு வயரிங்காரரிடம் எடுபிடியாக அனுப்பினார். சுவர் கொத்திக் கொப்புளம் வந்த கையோடு வந்து பணத்தை எண்ணி வைத்தான். இன்றைக்கு அவன் பிழைப்பே வயரிங்தான்.

படிப்பு விஷயத்தில் 'உட்கார்ந்து படி' என்பதை விட்டுவிடுங்கள். அரியர் எந்தப் பாடம் என்று நீங்கள் எழுதவில்லை. இன்ஜின் சம்பந்தப்பட்டது என்றால், இன்ஜின் ஓடும் நாலு கட்டங்களான நாலு ஸ்ட்ரோக்கையும் அந்த ஸ்கூட்டி பக்கத்தில் நின்று உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் கேள்வி கேளுங்கள். பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதட்டும். பந்தயம் என்றால் இவர்களுக்கு உடனே சூடு பிடிக்கும்.

புதிதாக எதையாவது செய்து பார்க்கும் துடிப்பு பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உச்சத்தில் இருந்து, வயது ஏற ஏறத் தணியும். ஆனால் 12 வயதுக்கு முன்பிருந்தே வீடு, பள்ளி இரண்டிலும் கவனம் நிற்காமல் தவித்தவன் என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த முறை ஃபீஸைக் கவுன்டரில் நீங்களே கட்டுங்கள். கொடைக்கானல் பணத்தை எந்த வேலை பார்த்து, எந்தத் தேதிக்குள் திருப்புவான் என்று இன்றிரவே அவன் கைப்பட எழுதி வாங்கி, காலண்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.