ரப்பர் பால் வாங்கும் நிறுவனத்துக்கு என்டர்பிரைஸ் ஆர்கிடெக்சர்: எந்த ஆவணங்களைக் கேட்டு வாங்குவது, எவற்றை எழுதுவது?

கேட்டிருப்பது இது: "மார்த்தாண்டத்தில் ரப்பர் பால் கொள்முதல் செய்யும் நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்க்கிறேன். 4 கொள்முதல் நிலையங்கள், ஒரு ஷீட் ஆலை. கணக்குக்கு டேலி, மற்றதெல்லாம் எக்செல். என்டர்பிரைஸ் ஆர்கிடெக்சர் திட்டம் போடச் சொல்கிறார்கள். என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?"

என்டர்பிரைஸ் ஆர்கிடெக்சர் என்பது நிறுவனத்தின் வேலைகள், தரவுகள், மென்பொருள்கள், கருவிகள் இன்று எப்படி இணைந்திருக்கின்றன, நாளை எப்படி இருக்கவேண்டும் என்பதன் வரைவு. அதற்காக மாதிரிப் படிவங்களை இணையத்திலிருந்து இறக்கி நிரப்பத் தொடங்காதீர்கள். அப்படி உருவாகும் 200 பக்கக் கோப்பு அலமாரிக்குத்தான் போகும். இந்த வேலையில் ஆவணங்கள் இரண்டு வகை: தொடங்கும் முன் கையில் வாங்கவேண்டியவை, வேலையிலிருந்து பிறப்பவை. முதல் வகையைத் திரட்டாமல் இரண்டாவதை எழுதினால் நிறுவனம் எப்படி நடக்கிறது என்பது அதில் இருக்காது. எப்படி நடப்பதாக மேலாளர் நினைக்கிறார் என்பதுதான் இருக்கும்.

வாங்கவேண்டியவற்றில் முதலாவது, நிர்வாகக் குழு கையெழுத்திட்ட வேலைக் கோரிக்கை. 2 பக்கம் போதும். அடுத்த 3 ஆண்டுகளில் நிறுவனம் எதைச் செய்ய நினைக்கிறது, பணம் எவ்வளவு, முடிவெடுப்பவர் யார் என்பது அதில் இருக்கவேண்டும். அடுத்தது, புழக்கத்தில் உள்ள எல்லாப் படிவங்களும் பதிவேடுகளும். வெற்றுப் படிவத்தை வாங்காதீர்கள். நிரப்பியதாக, ஒவ்வொன்றிலும் 10 நகல் வாங்குங்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பிலும், அடித்துத் திருத்திய எண்ணிலும்தான் உண்மையான நடைமுறை தெரியும். பிறகு மென்பொருள் ஒப்பந்தங்கள், பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் தேதிகள், உரிமங்களின் எண்ணிக்கை, தரவுத்தள அமைப்பின் விவரம், கணினிச் சொத்துப் பதிவேடு, கடைசி 3 ஆண்டுத் தணிக்கை அறிக்கைகள். தரவுத்தள விவரத்தை மென்பொருள் விற்றவர் தர மறுத்தால் அதையும் தேதியோடு எழுதி வையுங்கள். பின்னால் இடர்ப் பட்டியலின் முதல் வரி அதுவாகத்தான் இருக்கும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூரிலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த பகுதி. பால் தரும் விவசாயிகளான உறுப்பினர்களின் பழைய கோப்புகளில் இணைத்திருக்கும் நில ஆவணங்கள் மலையாளத்தில், மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கலாம். தேதியை மாற்றும் விதியை முன்பே எழுதி வையுங்கள்: ஆங்கில ஆண்டு கிடைக்க, கொல்லம் ஆண்டோடு ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரையானால் 824, ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் நடு வரையானால் 825 கூட்டவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டினால் பல பதிவுகள் ஓராண்டு தள்ளிப்போகும்.

இனி, உருவாக்க வேண்டியவை. என்டர்பிரைஸ் ஆர்கிடெக்சருக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் டோகாஃப் நெறிமுறையில் பட்டியல் நீளம். ஆனால் தேவைக்கேற்ப வெட்டிக்கொள்ளச் சொல்வதும் அதே டோகாஃப்தான். சான்றிதழ் வைத்திருப்பவர்கள் கீழே வந்து "அது விட்டுப்போச்சு, இது விட்டுப்போச்சு" என்று எழுதும் முன் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அளவுக்கு இவை போதும்: வேலை எல்லையை வரையறுக்கும் பணி அறிக்கை, கொள்கைகள், இலக்குப் பார்வை, இன்றைய நிலையையும் இலக்கு நிலையையும் விவரிக்கும் வரையறை ஆவணம், தேவைகளின் பட்டியல், இடைவெளி அட்டவணை, மாற்றத் திட்டம், மென்பொருளைக் கட்டித்தருபவரோடு போடும் ஆர்கிடெக்சர் ஒப்பந்தம்.

கொள்கைகள் 8க்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பெயர், கூற்று, காரணம், விளைவு என நான்கு பகுதிகள். விளைவுப் பகுதியை எல்லோரும் காலியாக விடுகிறார்கள். "உறுப்பினர் விவரம் ஓரிடத்தில் மட்டுமே திருத்தப்படும்" என்பது கூற்று என்றால், "அருமனை நிலைய எழுத்தர் இனி தன் எக்செலில் வங்கிக் கணக்கு எண்ணை மாற்ற முடியாது" என்பது விளைவு. இதைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டால்தான் நிர்வாகக் குழு அந்தக் கொள்கையை உண்மையிலேயே ஏற்றதாகும்.

வரையறை ஆவணம் தொழில், தரவு, பயன்பாடு, தொழில்நுட்பம் என்று நான்காகப் பிரியும். ஒரே ஒரு பக்கம்தான் உருப்படியாகச் செய்ய நேரம் இருக்கிறது என்றால், செயல்-தரவு அட்டவணையைச் செய்யுங்கள். மேலிருந்து கீழாகச் செயல்கள்: உறுப்பினர் சேர்க்கை, பால் எடை, மாதிரிச் சோதனை, விலை போடுதல், பட்டுவாடா, ஷீட் தரம் பிரித்தல், ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த பால்) கொள்முதல், விற்பனை. இடமிருந்து வலமாகத் தரவுகள்: உறுப்பினர், பால் வரவு, டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பரின் விழுக்காடு) முடிவு, அன்றாட விலை, பட்டுவாடா, சரக்கு இருப்பு. கட்டங்களில் உருவாக்கினால் உ, படித்தால் ப, திருத்தினால் தி, நீக்கினால் நீ.

நிரப்பிய பின் நெடுவரிசை நெடுவரிசையாகப் பாருங்கள். ஒரு தரவுக்கு இரண்டு உ வந்தால் இரண்டு இடத்தில் பிறக்கிறது என்று பொருள். எந்த எண் சரி என்ற சண்டை அங்கேதான் தொடங்கும். உ-வே இல்லையென்றால் அது வெளியிலிருந்து வருகிறது. ரப்பர் வாரியம் வெளியிடும் அன்றாட விலை அப்படிப்பட்டது. அதை யார், எத்தனை மணிக்கு, எங்கே பதிகிறார் என்று, வெளியிலிருந்து வரும் தரவுகளைக் குறிக்கும் இடைமுகப் பட்டியலில் சேர்க்கவேண்டும். உ மட்டும் இருந்து ப இல்லையென்றால் யாரும் பார்க்காத பதிவேடு, விட்டுவிடலாம்.

டிஆர்சி நெடுவரிசையில் நிதானமாக நில்லுங்கள். பால் எடை போடுவது காலையில். மாதிரியை உறையவைத்து, அழுத்தி, அடுப்பில் உலர்த்தி எடைபோட்டு முடிவு வர மறுநாள் ஆகிவிடும். 100 கிலோ பாலில் டிஆர்சி 35 என்றால் உலர் ரப்பர் 35 கிலோ; ஒரு புள்ளி தவறினால் விவசாயிக்கு 1 கிலோ போச்சு. ஆக, ஒரு வரவுக்கு "எடை போட்டது", "முடிவு வந்தது" என இரண்டு நிலைகள் உண்டு. இரண்டையும் ஒரே பதிவாக வரைந்துவிட்டால் எழுத்தர் உத்தேச டிஆர்சியைப் போட்டு, மறுநாள் அதன்மேலேயே திருத்துவார். முதலில் போட்ட எண்ணின் தடயம் போய்விடும். அதன்பின் வரும் தகராறில் நிறுவனத்திடமும் ஆதாரம் இருக்காது, விவசாயியிடமும் இருக்காது.

இடைவெளி அட்டவணை எளிது. இன்றிருப்பவை மேலிருந்து கீழாக, இலக்கில் இருப்பவை இடமிருந்து வலமாக. கடைசி வரிசை "புதியது", கடைசி நெடுவரிசை "கைவிடுவது". எதோடும் பொருந்தாத பழையதைக் கண்டால் வேண்டுமென்றே விட்டோமா, மறந்துபோய் விட்டோமா என்று எழுதுங்கள். மறந்துபோனவைதான் அதிகம் அகப்படும்.

தொழில்நுட்பப் பகுதியில் சர்வரின் திறனை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு நிலையத்துக்கும் மின்சாரமும் இணைப்பும் போனால் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதையும் எழுதுங்கள். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபின் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்த மாவட்டம் இது. மலையோரப் பேச்சிப்பாறைப் பக்கம் நிலையம் இருந்தால் இணைப்பில்லாமலே எடையைப் பதிந்து, பிறகு அனுப்பும் வசதி கட்டாயத் தேவை. சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், கணினிப் பதிவுக் கோப்புகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவையும் தேவைகளின் பட்டியலில் சேருங்கள்.

இடையில் என் ஆதங்கம் ஒன்று. தமிழக அரசு 2010இலேயே யூனிகோட், டேஸ்-16 என்ற எழுத்துக் குறியேற்றங்களை ஏற்றது. இன்னமும் அலுவலகங்களில் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். அந்தக் கோப்பில் பெயரைத் தேட முடியாது, அகரவரிசையில் அடுக்க முடியாது. வேறு கணினியில் திறந்தால் குப்பை எழுத்து. தமிழில் வேலை செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே தமிழைக் கணினி படிக்க முடியாதபடி வைத்திருப்பது மனதை வருத்துகிறது. உங்கள் உறுப்பினர் பட்டியலும் அப்படி இருந்தால், எழுத்துரு மாற்றத்தை மாற்றத் திட்டத்தில் தனி வேலையாக, சரிபார்க்க ஆள் போட்டு, எழுதுங்கள்.

மாற்றத் திட்டத்தில் நாள் குறிப்பது முக்கியம். மென்பொருள் கம்பெனி நிதியாண்டுக் கணக்கில் ஏப்ரல் 1 என்று கேட்கும். நீங்கள் பால் வரத்தைப் பார்த்தே நாள் குறியுங்கள். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை பால் வரத்து மிகும். அப்போது எதையும் மாற்றாதீர்கள். இலையுதிர்ந்து பால் வெட்டு ஓயும் பிப்ரவரி, மார்ச்சில் ஒரே ஒரு நிலையத்தில் தொடங்குங்கள். பழைய பதிவேடும் புதியதும் 30 நாட்கள் சேர்ந்தே ஓடட்டும். தினமும் மாலையில் இரண்டின் மொத்த எடையையும் ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

"4 நிலையங்களுக்கு இவ்வளவா?" என்று கேட்பார்கள். நான் சொன்னது எல்லாம் சேர்ந்தால் 40 பக்கம் வரும். வரைபடங்களுக்கு ஆர்க்கிமேட் குறியீடும் இலவசமான ஆர்ச்சி மென்பொருளும் போதும். நிலையத்து ஆட்களிடம் காட்டும் பக்கங்கள் மட்டும் தமிழிலேயே இருக்கட்டும்; அவர்களால் படிக்க முடியாததை அவர்களால் திருத்தித் தர முடியாது.

முதலில் அந்தச் செயல்-தரவு அட்டவணையை நிரப்புங்கள். இரண்டு உ விழும் நெடுவரிசைகள் எவை என்று கருத்தில் எழுதினால், அவற்றை எப்படிப் பிரிப்பது என்று சொல்கிறேன்.