நாயகன் முஸ்லிம் என்றால் போதுமா?

அன்புள்ள ஐயா,

கமல் ஹாசனின் 'விஸ்வரூபம்' படத்தை அண்மையில் மறுபடியும் பார்த்தேன். 2013இல் அதைத் தடைசெய்யச் சொன்னவர்கள் படத்தைப் பார்த்தார்களா என்றே சந்தேகமாக இருக்கிறது. கதாநாயகனே முஸ்லிம், நாட்டுக்காக உயிரைப் பணயம் வைக்கும், இந்திய உளவு அமைப்பான ராவின் உளவாளி. அப்படியிருக்க, அது எப்படி முஸ்லிம்களுக்கு எதிரான படமாகும்? சண்டைப் படத்தில்கூட அரசியலைத் தோண்டுவது நம் விமர்சகர்களுக்கு வியாதியாகிவிட்டது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

தடை விஷயத்தில் நமக்குள் சண்டை இல்லை. தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படத்தை 144 தடையுத்தரவு போட்டு நிறுத்தியது தவறு. ஜனவரி 25 அன்று வரவேண்டிய படம், சில வெட்டுகளுக்கு ஒப்புக்கொண்ட பிறகு பிப்ரவரி 7 அன்றுதான் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. ஆனால் தடை தவறு என்பதற்காக, ஆட்சேபித்தவர்கள் சொன்னதெல்லாம் பிதற்றல் ஆகிவிடாது.

நாயகன் முஸ்லிம் என்கிறீர்கள். அது நமக்கு எப்படித் தெரியவருகிறது என்று கவனித்தீர்களா? நியூயார்க்கில் கதக் சொல்லிக்கொடுக்கும் விஸ்வநாத்தை விட்டு விலக மனைவி நிருபமாவுக்கு ஒரு சாக்கு வேண்டும். துப்பறிவாளரை ஏவுகிறாள். வந்து சேரும் தகவல், கணவன் இந்துவே அல்ல, முஸ்லிம் என்பது. அவள் அதிர்ந்துபோகிறாள். அரங்கமும் சேர்ந்து அதிர வேண்டும் என்பதே திரைக்கதையின் கணக்கு. அவன் உளவாளி என்று தெரியும்வரை அவனுடைய மதமே ஆபத்தின் முதல் அறிகுறி. ரா வந்து சாட்சி சொன்ன பிறகுதான் நமக்கு மூச்சு வருகிறது. அப்படி யாருடைய சாட்சியும் தேவைப்படாத ஒரு முஸ்லிம், ஒரு கடைக்காரரோ கணக்கு வாத்தியாரோ, அந்தப் படத்தில் உங்கள் நினைவில் நிற்கிறாரா? என் நினைவில் இல்லை.

அடுத்தது அந்த வசனம். ஆப்கானிஸ்தானில் இருக்கும் தீவிரவாதத் தலைவன் ஒமர் தமிழ் பேசுவதற்குக் காரணம் வேண்டுமே. கோவையிலும் மதுரையிலும் இருந்ததாகச் சொல்லிவிடுகிறான். எழுதியவருக்கு அது ஒரு வசதி, அவ்வளவுதான். காரணமே சொல்லாமல் அவனைத் தமிழ் பேசவிட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் 1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்த ஊர் கோவை. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேரைப் பலிகொடுத்த ஊரும் அதுதான். அதற்குப் பிறகு அங்கே ஒரு முஸ்லிம் இளைஞன் எவ்வளவு சந்தேகப் பார்வைகளைத் தாண்டி வளர்ந்திருப்பான்! அவனுடைய ஊரைத் தாலிபானோடு முடிச்சுப்போட ஒற்றை வரி வசனம் போதுமானதாக இருந்தது. திருப்பூரிலிருந்து கோவை பக்கம்தானே. கோட்டைமேட்டிலோ உக்கடத்திலோ உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால், அந்த வசனம் அவர் காதில் எப்படி விழுந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

படத்தை நான் மட்டம் தட்டவில்லை. தற்கொலைத் தாக்குதலுக்குப் போகவிருக்கும் இளைஞன் ஊஞ்சலில் தன்னை ஆட்டிவிடச் சொல்லும் காட்சி, கமல் ஹாசன் எழுதியவற்றிலேயே ஆகச் சிறந்தவற்றில் ஒன்று. அங்கே எதிரிக்கு வயது இருக்கிறது, ஆசை இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிர்ஜு மகாராஜ் அமைத்த அந்தக் கதக் நடனம் தேசிய விருது பெற்றது. ஆனால் கதையில் விஸ்வநாத்தின் நளினம் ஒரு வேஷம் மட்டுமே. கட்டு அவிழ்ந்து அடிக்கத் தொடங்கும்போதுதான் 'உண்மையான ஆண்' வெளியே வருகிறான், விசில் பறக்கிறது. மதத்தைவிட இதைத்தான் நம் ஆட்கள் ஒரு கேள்வியும் இல்லாமல் விழுங்கினார்கள்.

2018இல் வந்த இரண்டாம் பாகம் பல இடங்களில் தொய்வானது. ஆனாலும் பாருங்கள். அதில் வஹீதா ரஹ்மான், நாயகனின் நினைவு தப்பிய தாயாக வருகிறார். யாருடைய சாட்சியும் தேவைப்படாத முஸ்லிம் என்று முதல் பாகத்தில் நான் தேடிய ஆள் அவர்தான். கொஞ்ச நேரமே வருகிறார் என்பதுதான் என் குறை.