ஏ.சி. மெக்கானிக் இடுப்பில் துப்பாக்கி: வீட்டுக்குள் விடலாமா?

கேள்வி: டெக்சஸில், டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். எச்-1பி வேலை விசா. போன வாரம் ஏ.சி. பார்க்க வந்தவர் அட்டிக் ஏணியில் ஏறும்போது சட்டை மேலே தூக்கியது. பெல்ட்டுக்குள் கைத்துப்பாக்கி. அவர் கிளம்பும்வரை இரண்டு பிள்ளைகளையும் பிடித்துவைத்துக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். "இந்த ஊரில் இதெல்லாம் சகஜம், விடு" என்கிறார் கணவர். இது சட்டப்படி சரியா? அடுத்த முறை வருகிறவரிடம் வேண்டாம் என்று சொல்லலாமா? எப்படிச் சொல்வது?

பதில்: உங்கள் கணவர் சொல்கிற மாதிரி அது சகஜம்தான். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு முழுசாக இருக்கிறது.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்து, சட்டத் தடை ஏதும் இல்லாதவர் லைசென்ஸ் எடுக்காமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். வெளியில் தெரிகிற மாதிரி வைத்தால் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) கட்டாயம். சட்டைக்குள் மறைத்தால் அதுகூடக் கட்டாயமில்லை. லைசென்ஸ் இல்லாமல் மறைத்து எடுத்துப் போகலாம் என்ற நிலை இப்போது 29 மாநிலங்களில் இருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டுக்கு வந்தவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. துப்பாக்கி இருக்கிறது என்பதற்காக மட்டும் 911-ஐ அழைக்க வேண்டியதில்லை. மிரட்டினால், கையில் எடுத்தால், போகச் சொல்லியும் போகாவிட்டால், அப்போது அழையுங்கள்.

ஆனால் உங்கள் வாசற்படிக்கு உள்ளே நீங்கள் வைத்ததுதான் சட்டம். வாடகை வீடானாலும் அப்படித்தான். குடியிருக்கிறவருக்கும் இந்த உரிமை உண்டு.

இங்குள்ள வீட்டுக்காரர்கள் எல்லாரும் இதை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. தானே துப்பாக்கி வைத்திருப்பவர் கண்டுகொள்ள மாட்டார். சட்டைக்கு மேல் புடைத்துத் தெரிந்தால்தான் "ஒழுங்காக மறைக்கத் தெரியவில்லையே" என்பார். சிலர் "இருக்கட்டும், ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்" என்பார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரேயடியாக வேண்டாம் என்பவர்களும் நிறைய. நம் ஊரில் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வாங்கினால்தான் துப்பாக்கி. பேங்க் வாசலில் காவலாளி தோளில் தொங்குவதைத் தவிர பக்கத்தில் பார்த்திருக்க மாட்டோம். ஆகவே நீங்கள் பதறியதில் ஆச்சரியம் இல்லை. தொழிலாளி பக்கமும் ஒரு நியாயம் உண்டு. முன்பின் தெரியாத வீடுகளுக்குத் தனியாகப் போகிறார். வேன் நிறைய விலையுயர்ந்த கருவிகள், அதற்குக் கண்வைக்கும் திருடர்கள். உங்களை மனதில் வைத்து அவர் அதைச் செருகிக்கொள்வதில்லை.

சொல்ல வேண்டிய நேரம், வேலைக்கு புக் பண்ணும்போது. கம்பெனி பெரியதானால் "வீட்டுக்குள் துப்பாக்கி கூடாது, டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள், ஒர்க் ஆர்டரிலும் எழுதுங்கள்" என்றால் போதும். ஊழியர்கள் வேலையில் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிற கம்பெனிகள் நிறைய உண்டு. உங்கள் வேண்டுகோள் அவர்களுக்குப் புதிதல்ல. சொந்தமாக ஒரு ட்ரக் வைத்துத் தனியாள் தொழில் செய்பவருக்கு அந்த மாதிரி விதிப்புத்தகம் கிடையாது. அவரிடம் நேராகவே கேளுங்கள். "அப்படியானால் நான் வரவில்லை" என்று அவர் சொல்லலாம், அது அவர் உரிமை. வாசலுக்கு வந்தபிறகு திருப்பி அனுப்பினால் ட்ரிப் சார்ஜ் (வந்துபோனதற்கான கட்டணம்) கேட்கலாம். ஆகஸ்ட் வெயிலில் ஏ.சி. நின்றுபோய் வீடு கொதிக்கும்போது இந்தப் பேரத்தைத் தொடங்காதீர்கள். வசந்த காலத்து ட்யூன்-அப்புக்கு ஆள் தேடும்போதே கேட்டுவையுங்கள்.

போனில் சொன்னதோடு விடாமல், கதவைத் திறக்கும்போது வாயாலும் சொல்லுங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கட்டாயமில்லை என்றாலும் துப்பாக்கி லைசென்ஸ் எடுத்து வைத்திருப்பவருக்கு எழுத்தில் தடை சொல்வதானால் டெக்சஸ் தண்டனைச் சட்டம் 30.06 கொடுத்திருக்கிற வாசகம் அப்படியே இருக்க வேண்டும். நீங்களாக எழுதிய எஸ்.எம்.எஸ். அதற்கு ஈடாகாது. வாய்ச்சொல்லுக்கு அப்படி எந்த வாசகமும் தேவையில்லை. நேரில் சொன்னபிறகும் வெளியேறாமல் நின்றால் அது கிளாஸ் ஏ குற்றம்: ஓர் ஆண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். கூரை மாற்ற ஐந்தாறு பேர் வந்தால் மேஸ்திரியிடம் மட்டும் சொல்லாமல் எல்லாரையும் நிறுத்திச் சொல்லுங்கள். "நோ கன்ஸ் இன் தி ஹவுஸ், ப்ளீஸ்" என்பதோடு "சின் அர்மாஸ், போர் ஃபவோர்" என்று ஸ்பானிஷிலும் சொன்னால் கூட வந்த ஹெல்பருக்கும் புரியும்.

போர்டு மாட்டலாமே என்று சிலர் கேட்பதுண்டு. முறைப்படி மாட்டுவதானால் மறைத்து வருகிற லைசென்ஸ்தாரருக்கு 30.06, வெளியில் தெரிய வருகிற லைசென்ஸ்தாரருக்கு 30.07, லைசென்ஸ் இல்லாதவருக்கு 30.05 என்று மூன்று போர்டு வேண்டும். ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும், எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது ஓர் அங்குல உயரத்தில். கடைக்கு அது சரி. தோரணம் கட்டுகிற வாசலில் இத்தனை பெரிய பலகைகள் எதற்கு?

இனி, நீங்கள் பார்த்த மாதிரி வேலை நடக்கும்போதே கண்ணில் பட்டால்? அந்த இடத்திலேயே "அதை எடுத்து வையுங்கள்" என்று சொல்லாதீர்கள். நல்ல ஹோல்ஸ்டரில் இருக்கிற துப்பாக்கி பொதுவாகத் தானாக வெடிக்காது. ஆபத்து அதிகம் அதை எடுக்கும்போதும் திருப்பிச் செருகும்போதும்தான். சட்டை நுனியோ ஜாக்கெட் கயிறோ ட்ரிக்கரில் மாட்டி வெடித்த விபத்துகள் உண்டு. பிள்ளைகளை வேறு பக்கம் அனுப்பிவிட்டு, அவர் ஏணியிலிருந்து இறங்கியதும் நிதானமாகச் சொல்லுங்கள்: "பிள்ளைகள் இருக்கிறார்கள், ட்ரக்கில் பூட்டிவிட்டு வந்து மிச்ச வேலையைப் பாருங்கள்." ட்ரக் சீட்டில் உட்கார்ந்து, கதவை மூடிக்கொண்டு, ஹோல்ஸ்டரோடு சேர்த்துக் கழற்றி, சீட்டடியில் கேபிள் போட்ட லாக் பாக்ஸில் வைப்பதே ஒழுங்கான முறை. ஹோல்ஸ்டரோடு கழற்றினால் ட்ரிக்கர் மூடியே இருக்கும். உங்கள் கராஜில் நின்று குண்டுகளை வெளியே எடுக்க ஆரம்பித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஹோல்ஸ்டரைப் பார்த்தாலே ஆளின் கவனம் தெரிந்துவிடும். ட்ரிக்கர் பகுதியை முழுக்க மூடுகிற கெட்டியான பிளாஸ்டிக் அல்லது தோல் உறை, தடித்த பெல்ட்டில் கிளிப் போட்டிருந்தால் பழகியவர். ஹோல்ஸ்டரே இல்லாமல் பேன்ட்டுக்குள் செருகியவர், ஸ்க்ரூடிரைவரோடு டூல் பேக்கில் போட்டுவைத்தவர் என்றால் அன்றைக்கே வேலையை நிறுத்தலாம். அட்டிக்கில் குறுக்குக் கட்டைகளுக்கு நடுவே தவழும்போதும், சிங்க்கின் அடியில் மல்லாந்து படுக்கும்போதும் அது இடுப்பில் குத்தும், நழுவும். நழுவி விழும் துப்பாக்கியைத் தாவிப் பிடிக்கப் போய் விரல் ட்ரிக்கரில் படுவதுதான் பெரிய ஆபத்து. குத்துகிறதே என்று கழற்றி கேபினெட்டிலோ டாய்லெட் டேங்க் மேலோ வைத்துவிட்டு, மறந்துபோய்க் கிளம்புவது இன்னொன்று.

வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூயார்க்கில் 2022 சட்டப்படி தலைகீழ்: வீட்டுக்காரர் சம்மதம் இருந்தால்தான் உள்ளே கொண்டுவரலாம். இல்லினாயில் லைசென்ஸ் இல்லாமல் மறைத்து வைத்திருக்கவே முடியாது.

அவர் போனபிறகு மறந்துவைத்த துப்பாக்கி கிடைத்தால் எச்-1பி, எச்-4 (எச்-1பி குடும்பத்தார்), எஃப்-1 (மாணவர்) விசாக்காரர்கள் ரொம்பவே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் தவிர, இந்த விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது ஃபெடரல் குற்றம், 15 ஆண்டு வரை சிறை. "கொஞ்ச நேரம் உள்ளே வைத்திருங்கள், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று தொழிலாளி சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அலமாரியில் வைத்துப் பூட்டுவதும் 'வைத்திருப்பது' ஆகிவிடலாம். கிரீன் கார்டுகாரர்களுக்கு இந்தத் தடை இல்லை என்றாலும், பழக்கமில்லாத கை அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. இருந்த இடத்திலேயே விட்டு, அறைக் கதவைச் சாத்தி, பிள்ளைகள் போகாமல் ஒருவர் வாசலில் நிற்க, உடனே அவருக்கும் கம்பெனிக்கும் போன் போடுங்கள். எடுக்கவில்லையா, ஊர் போலீஸின் அவசரமில்லாத எண்ணை அழையுங்கள். அவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள்.