அறுவை முடிந்தும் நடக்க மறுக்கும் அப்பா

தைரியம் சொல்வதை நிறுத்திவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியில் ஆரம்பியுங்கள். நடையெல்லாம் அப்புறம்.

இடுப்பு எலும்பு அறுவை முடிந்து நாலு மாதமாகிறது, எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லியும் 74 வயது அப்பா கட்டிலை விட்டு இறங்குவதில்லை, மனசு விட்டுவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயமாகத்தான் இருக்கும், விழுந்தவருக்கு அது நியாயமான பயமும்கூட. ஆனால் பயந்து படுத்தே கிடந்தால் தொடைத் தசை கரைகிறது, அதனால் நிஜமாகவே கால் தள்ளாடுகிறது, தள்ளாடியதும் பயம் இன்னும் கூடுகிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, நீங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு, கைகளை மார்பில் கட்டியபடி 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார்கிறார் என்று எண்ணுங்கள். அவர் வயது ஆண்களுக்கு 12-க்குக் கீழே என்றால் சராசரிக்கும் குறைவு. கையூன்றாமல் ஒருமுறைகூட முடியவில்லையா, சரி, பிசியோதெரபிஸ்ட் வேண்டும், அறிவுரை வேண்டாம். எண்ணிக்கையை அவரையே குறித்துவைக்கச் சொல்லுங்கள். நீங்கள் பாராட்டுவதைவிட, போன வாரத்தைவிட ஒன்று கூடியிருப்பதை அவரே பார்ப்பது அதிகம் வேலை செய்யும்.

எழுந்ததும் தலை சுற்றினாலோ, தொடை இடுக்கில் புதிதாக வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கமும் பசியும் போய், எதிலும் ஆர்வமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், வயசானால் அப்படித்தான் என்று விடாதீர்கள், சிகிச்சை இருக்கிறது.