ஓவர்டைமை நம்பி எடுத்த கடன்

கேள்வி: மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறையில் மெஷின் ஆப்பரேட்டராக இருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளி (ரிங்கிட்). வாரம் 48 மணி நேர வேலையை 45 ஆக்கிய பிறகு கம்பெனி புது ஆள் எடுத்து ஷிப்டை மாற்றியது. மாதம் 60 மணி நேரம் கிடைத்த ஓவர்டைம் இப்போது 15தான். தங்கை திருமணக் கடன் 520, மனைவியின் தம்பி ஓட்டும் காருக்கு 680, வீட்டு வாடகை 700. ஊழியர் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கிலிருந்து எடுத்துச் சமாளிக்கிறேன். திருமணக் கடனை 7 ஆண்டுக்கு மாற்றினால் மாதம் 220 போதும் என்கிறார்கள். வாங்கலாமா? பழைய 48 மணி நேரமே இருந்திருக்கலாமோ?

பதில்: சட்டத்தைக் குறை சொல்லாதீர்கள். 2023 ஜனவரி 1 முதல் வாரம் 45 மணி நேரம் என்றானபோது உங்கள் மாதச் சம்பளம் குறையவில்லை, ஒரு மணி நேரத்தின் விலைதான் ஏறியது. 2,600-ஐ 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 100 வெள்ளி. எட்டு மணி நேர வேலையில் மணிக்கு 12.50. வாரம் ஆறு நாள், ஏழரை மணி நேரம் என்றால் 13.33. ஒன்றரை மடங்கு ஓவர்டைம் 18.75-லிருந்து 20 ஆகியிருக்கிறது.

சிலி நாட்டின் 2023 சட்டம் 45 மணி நேரத்தை 2028-க்குள் படிப்படியாக 40 ஆக்குகிறது, சம்பளம் குறையக்கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் ஓவர்டைம் குறையாது என்று எந்தச் சட்டமும் உறுதி தராது. நீங்களோ அதையும் சம்பளமாக எண்ணிக் கடனில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான்.

பிடித்தமெல்லாம் போகக் கையில் சுமார் 2,290. இரண்டு தவணையும் வாடகையும் போனால் மிச்சம் 390. முன்பு ஓவர்டைம் 1,125 சேர்ந்து 1,515 ஆனது. இன்று 300 சேர்ந்து 690. குடும்பச் செலவுக்கு இது எப்படிப் போதும்? மச்சான் தன் கார் தவணையைத் தானே கட்டினால் 1,370 ஆகிவிடும். பழைய நிலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுவீர்கள்.

அதனால் அவரிடம் பேசுங்கள், மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அடுத்த தவணையிலிருந்து முழு 680-ஐயும் அவர் கட்ட வேண்டும், இல்லையென்றால் காரை விற்க வேண்டும். விற்கும் முன் வங்கியிடம் பாக்கித் தொகையை எழுத்தில் வாங்குங்கள். விற்ற பணம் போதாவிட்டால் மீதி அவர் பொறுப்பு. மனத்தாங்கல் வரத்தான் செய்யும். ஆனால் கடன் உங்கள் பெயரில் இருக்கிறது, தவணை தவறினால் வங்கி உங்களைத்தான் தேடி வரும்.

7 ஆண்டுக் கடன் வேண்டவே வேண்டாம். திருமணக் கடன் இன்னும் 2 ஆண்டு என்று வைத்தால் 12,480 வெள்ளி கட்டினால் முடிந்தது. மாதம் 220 வீதம் 84 மாதம் என்றால் 18,480. தவணை குறைந்ததுபோல் காட்டி 6,000 வெள்ளி கூடுதலாக வாங்குகிறார்கள்.

மூன்றாம் கணக்கில் இனிக் கை வைக்காதீர்கள். ஓவர்டைம் பணத்துக்குச் சேமநிதிச் சந்தா கிடையாது. இரவு பகலாக உழைத்த அந்த ஆண்டுகளின் ஓவர்டைமில் ஒரு காசுகூட உங்கள் முதுமைக்குச் சேரவில்லை. இருப்பதையும் எடுத்தால் எப்படி?

மச்சான் இழுத்தடித்தால் சம்பளச் சீட்டு, கடன் கணக்குகளோடு, கடன் ஆலோசனை தரும் அமைப்பான ஏகேபிகே (AKPK) அலுவலகத்துக்குப் போங்கள். ஆலோசனை இலவசம். அப்புறம், சம்பளச் சீட்டில் ஓவர்டைம் மணிக்கு 20 என்று போட்டிருக்கிறார்களா பாருங்கள். இன்னும் 18.75 என்றால் கம்பெனியில் கேளுங்கள், சரியான பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள்.